தலகாணி டாக்டரம்மா

ஆபரேஷன் என்று வருகிற எவரையும் அந்த டாக்டரம்மா முதலில் கேட்கிற கேள்வி, "எத்தன தலகாணி வச்சுப் படுப்பீக?" என்பதுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவன்கூட அதைக் கேட்டதும் துடிப்பை ஒரு நொடி நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் தியேட்டர் நர்ஸ். என் முகத்தில் என்ன எழுதியா இருக்கிறது? "கேக்குறாகல்ல, சொல்லுங்க" என்பேன்.

அவர் மயக்க டாக்டர். தேனியில் பெரியகுளம் ரோட்டுப் பக்கம் இருந்த எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கென்று சொந்தமாக மயக்க டாக்டர் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் பள்ளத்தாக்கு முழுக்கவே அப்படித்தான். காலையில் போடியில் ஒரு சிசேரியன், மத்தியானம் கம்பத்தில் ஒரு கர்ப்பப்பை, சாயங்காலம் எங்களிடம் ஒரு குடலிறக்கம் என்று மயக்க டாக்டர்கள்தான் ஊர் ஊராகப் போவார்கள். மற்ற மயக்க டாக்டர்கள் காரில் வந்து இறங்குவார்கள். இந்த அம்மா பஸ்ஸில் வருவார். கையில் ஒரு பழுப்பு ரெக்ஸின் பை. தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற கருவி, அதற்கு மாற்று பல்பு, குழாய்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆஸ்பத்திரிக் கருவியைத் தொடமாட்டார். "ஒங்க பேட்டரிய நம்பி ஒரு உசுர விட முடியாது சிஸ்டர்" என்பார். அந்த பேட்டரியை மாற்றிவைப்பது என் வேலை. எனக்கு எப்படி இருக்கும்?

ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஒல்லி. கஞ்சி போட்ட நூல் புடவை, கண்ணுக்குக் கீழே நிரந்தரமாக ஒரு கருப்பு. ஊரார் தூக்கத்தையெல்லாம் விசாரிக்கிறவர் தான் ஒழுங்காகத் தூங்கி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டே தூங்குவார். கம்பத்தில் இறங்க வேண்டியவர் கூடலூர் போய் இறங்கிய கதையெல்லாம் உண்டு. பிறகு அந்த ரூட்டு கண்டக்டர்களுக்கே பழகிப்போய், கம்பம் வந்தால் "டாக்டரம்மா, எறங்குங்க" என்று அவர்களே எழுப்பிவிட ஆரம்பித்தார்கள். தியேட்டரில் இரண்டு கேஸ்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவார். நானும் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொள்வேன். பேசிக்கொள்ள எங்கள் இருவருக்கும் தெம்பு இருக்காது.

தலையணையோடு அவர் விசாரணை முடியாது. எந்தப் பக்கமாகப் படுப்பீர்கள், பக்கத்தில் யார் படுப்பார்கள், நடுவில் எழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். முதலிரவு விசாரிக்கிற மாதிரி இருக்கிறதே என்று வார்டு ஆயாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் தலகாணி டாக்டரம்மா. ஒருமுறை நானே கேட்டுவிட்டேன்.

"ஈசிஜி எடுத்தாச்சு, ரத்தம் பாத்தாச்சு. அப்புறமும் இது எதுக்கு மேடம்?"

"நின்னுக்கிட்டு இருக்கும்போது எல்லா நெஞ்சும் பொய் சொல்லும் சிஸ்டர். படுத்தாத்தான் உண்மையச் சொல்லும்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்னொரு பிடிவாதம் இருந்தது. பதிலை நோயாளிதான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது நடக்கிற காரியமா? புருஷனைக் கேட்டால் பெண்டாட்டி சொல்வாள், பெண்டாட்டியைக் கேட்டால் மாமியார் சொல்வாள், பிள்ளையைக் கேட்டால் கூட வந்த ஏழு பேரும் சொல்வார்கள். வாய் திறக்காத ஒரே ஆள் படுக்கையில் இருக்கிறவராகத்தான் இருப்பார். அது மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். "மயங்கப் போறது அவுக. பதில் சொல்றது நீங்களா?" என்பார். வெளியே சர்ஜன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சர்ஜன்தான் ஆஸ்பத்திரிக்கு முதலாளியும். அவர் ஆட்டுகிற காலையும் சுவர்க் கடிகாரத்தையும் நான்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் குடலிறக்கத்துக்கு வந்தார். "காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்று அவர் மனைவி அடித்துச் சொன்னாள். டாக்டரம்மா அவளை வெளியே அனுப்பிவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனிதர் நெளிந்தார். கடைசியில், "ஒரே ஒரு டீத்தண்ணிதாங்க. பன்னு தொட்டுக்கிட்டேன்" என்றார்.

"ஒண்ணும் சாப்புடலன்னு சொன்னீகளே?"

"டீயெல்லாம் ஒரு சாப்பாடாங்க?"

அன்றைக்கு அந்த கேஸ் நடக்கவில்லை. சர்ஜன் என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார், ஏதோ நான்தான் பன்னு வாங்கிக் கொடுத்த மாதிரி.

எப்போதும் அவர் சொன்னதே சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒருவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். மூன்று தலையணை வைத்துப் படுக்கிறார், நெஞ்சில் கோளாறு இருக்கும் என்று சொல்லி டாக்டரம்மா மயக்க மருந்து கொடுக்க மறுத்துவிட்டார். வியாபாரி கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, ஜம்மென்று திரும்பி வந்து, லட்டு டப்பாவோடு டாக்டரம்மா முன்னால் நின்றார். "பாத்தீகளா, ஒண்ணும் ஆகல" என்றார். டாக்டரம்மா லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ரொம்பச் சந்தோசம். நாளைக்கு இதே மாதிரி வந்தாலும் நான் முடியாதுன்னுதான் சொல்லுவேன்" என்றார். இப்படி ஒரு ஆளை எந்த ஆஸ்பத்திரி விரும்பும்? கொஞ்சம் கொஞ்சமாக முதலாளி வேறு ஒருவரைக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் வேகமான ஆள், தலையணை பற்றியெல்லாம் கேட்கமாட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. நேரத்துக்கு வீடு போக முடிந்தது.

அந்தப் பெண் வந்த நாளில் வேகமான டாக்டருக்கு வேறெங்கோ வேலை. அதனால்தான் இவரைக் கூப்பிட்டார்கள்.

சின்னமனூர் பக்கத்துக் கிராமம். திராட்சைத் தோட்டக்காரர் மகள், பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். டான்சில் வீங்கியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். கூடலூரில் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது, அதற்குள் சத்தமில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது வீட்டார் அவசரம். பெண் வெளுத்து, வாடி, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தாள். அம்மா பக்கத்திலேயே ஒட்டி நின்றாள்.

"எத்தன தலகாணித்தா?"

"ஒண்ணுதாங்க" என்றாள் அம்மா.

"ஒன்னக் கேக்கலம்மா. நீ சொல்லுத்தா, நல்லாத் தூங்குவியா?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். "நல்லாத் தூங்குவேன்."

"மாத்திரை ஏதும் போட்டியா?"

"இல்ல" என்று அம்மா சொன்னதும் "போட்டேன்" என்று பெண் சொன்னதும் ஒரே நேரத்தில் வந்தன. டாக்டரம்மா அம்மாவை என்னோடு வெளியே அனுப்பினார். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

"தூக்க மாத்திரையாத்தா? போட்டா எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு. செத்துப்போயிருவேன்னு இருந்துச்சு. ரெண்டு நாளு போட்டேன், அப்புறம் துப்பிட்டேன்."

பள்ளிக்கூடத்தில் அழுத்திச் சொல்லிக்கொடுத்த பதிலைப்போல மறுபடி, "நல்லாத்தான் தூங்குறேன்" என்றாள். டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு, அவளைத் தியேட்டர் மேசையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். ஊசி எதையும் எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை எப்படி எழுதினாய், எந்தப் பாடம் பிடிக்கும், தோட்டத்தில் இப்போது காய் என்ன பருவம் என்று கதை பேச ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன். இவருக்கு இப்போதுதான் திராட்சை விசாரிக்க நேரமா?

முதலில் பெண் நன்றாகவே பேசினாள். பிறகு வாக்கியங்கள் குட்டையாயின. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. அவள் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. உடம்பை மெல்ல இடப்பக்கமாகத் திருப்பப் பார்த்தாள். "எந்திரிச்சுக்கட்டுமா?" என்றாள். குரல் பாதிதான் வந்தது. டாக்டரம்மா சட்டென்று தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் அந்தப் பெண் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

சர்ஜன் எட்டிப் பார்த்தார். "பயம்தான் மேடம். மருந்து குடுத்தா எல்லாம் சரியாப் போயிரும்."

"மருந்து குடுத்தா எல்லாம் முடிஞ்சே போயிரும் சார். நான் குடுக்க மாட்டேன். நெஞ்சுப் படம் எடுங்க."

டான்சிலுக்கு வந்த சின்னப் பெண்ணுக்கு யார் நெஞ்சுப் படம் எடுப்பார்கள்? யாரும் எடுத்திருக்கவில்லை. படம் ஈரம் காயாமல் வந்தது. நெஞ்சின் நடுவில், மூச்சுக்குழலை ஒட்டி, ஒரு ஆரஞ்சு அளவுக்கு உருண்டையாக நிழல் விழுந்திருந்தது. நீர்க்கட்டி. நிமிர்ந்திருக்கும்போது அது பாட்டுக்கு இருக்கும். மல்லாந்தால் குழலின் மேல் அழுந்தும். "முழிச்சிருக்க வரைக்கும் அவளே தன் மூச்சப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கா. நாம மருந்து குடுத்தா அந்தப் பிடி விட்டுப்போகும். அப்புறம் குழாய உள்ள எறக்கவும் முடியாது, எழுப்பவும் முடியாது" என்று டாக்டரம்மா சொன்னார். சர்ஜன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன்பின் காலை ஆட்டவில்லை.

அம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னதும்தான் முழுக்கதையும் வந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போதே பெண் ராத்திரியில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாளாம். ஜன்னல் தெருவைப் பார்த்தது. தெருவில் சைக்கிள்கள் போகும். வயசுப் பெண் தூங்காமல் ஜன்னலில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? யாரோ பையன் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அடித்துக் கேட்டும் பெண் பெயர் சொல்லவில்லை. சொல்ல ஒரு பெயர் இருந்தால்தானே! தாயத்து கட்டினார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். டாக்டரிடம் தூக்க மாத்திரையும் வாங்கினார்கள். தூங்காத பெண் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று, யார் கேட்டாலும் நன்றாகத் தூங்குவதாகச் சொல்லும்படி பழக்கியும் வைத்தாள்.

"நானே பக்கத்துல படுக்க ஆரம்பிச்சேன் டாக்டரம்மா. மல்லாக்கப் படுக்கப் போட்டு, அவ நெஞ்சு மேல கையப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பேன். எந்திரிச்சா தெரியணுமில்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். தன் கையைப் பார்த்தாள். நான் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருட வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவள் தன் கையைப் பார்த்த பார்வையை மட்டும் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. எல்லோரிடமும் சுள்ளென்று விழுகிற டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. "இன்னைக்கு அவ உக்காந்து தூங்கட்டும். நீ அவளுக்குப் பின்னால சாய்மானமா உக்காந்துக்க. நெஞ்சுப் பக்கம் கை வைக்காத. சீக்கிரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி அந்தக் கட்டிய எடுத்துருங்க" என்றார்.

அவர்கள் போகவில்லை. நெஞ்சைப் பிளந்து தழும்போடு பெண்ணை எப்படிக் கட்டிக்கொடுப்பது, கல்யாணம் முடியட்டும், பிறகு மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொல்லிவிட்டாராம். அதைக் கேள்விப்பட்டதும் டாக்டரம்மா என்னையும் இழுத்துக்கொண்டு சின்னமனூர் பஸ் ஏறினார். எனக்கு அன்றைக்கு வார விடுமுறை. திட்டிக்கொண்டேதான் போனேன்.

வீட்டு வாசலில் திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் கூடிவிட்டார்கள். பெண் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"படுத்தாத்தான தொந்தரவு? உக்காந்து தூங்கிட்டுப் போறா. எத்தன பேரு அப்படி இல்ல?" என்றார் பெரியப்பா.

"எங்களுக்குத் தெரியாதா எங்க பிள்ளைய?" என்றார் அப்பா.

"நான் ஒங்களக் கேக்க வரல. மயங்கப் போறவளக் கேக்க வந்திருக்கேன். நீ சொல்லுத்தா. ஆபரேசன் வேணுமா, வேணாமா? அதுலயும் ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன்."

"அவ சின்னப் பிள்ள, அவளுக்கென்ன தெரியும்?" என்று ஆரம்பித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பதில் சொன்னார்கள். டாக்டரம்மா ஒவ்வொருவர் பேசி முடித்ததும் பெண் பக்கம் திரும்பி மறுபடி அதையே கேட்டார். காப்பி வந்து ஆறிப்போனது. பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் எல்லோருக்கும் பேச்சு தீர்ந்தது.

"வேணும்" என்றாள் பெண்.

"எதுக்குத்தா?"

"மல்லாக்கப் படுக்கணும். எல்லாரு மாதிரியும் ஒரு தடவ கையக் கால நீட்டிப் படுக்கணும்." சொல்லிவிட்டு அழுதாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தவர் டாக்டரம்மாவிடம் ஒரு காலத்தில் படித்தவர். கூட நிற்க இவரையும் அனுமதித்தார். பெண்ணைச் சாய்வாக உட்காரவைத்து, தொண்டையை மட்டும் மரக்க வைத்து, விழித்திருக்கும்போதே குழாயை இறக்கி, அது கட்டியைத் தாண்டிப் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் மயக்கினார்களாம். குழாய் உள்ளே போகும்வரை அந்தப் பிள்ளை டாக்டரம்மா விரலை விடவில்லையாம். நான் அம்மாவோடு வெளியே இருந்தேன். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, யாரையும் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு டாக்டரம்மா வந்து, "எப்படி இருக்கா?" என்று கேட்டார். "அவளே சொல்லட்டுங்க, டாக்டரம்மா" என்றாள் அம்மா.

கட்டி முழுதாக வந்துவிட்டது. சம்பந்தமும் போய்விட்டது. தழும்பு கதை கூடலூர் வரை எப்படிப் போனதோ, மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு ஒருநாள் முற்பகலில் அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்றைக்கு டாக்டரம்மா ஒரு சிசேரியனுக்காக வந்திருந்தார். எங்களிடம் அவர் வந்ததே அநேகமாக அதுதான் கடைசி. வரவேற்பில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு தோட்டக்காரர் தியேட்டர் வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

"எங்கன அந்தத் தலகாணி டாக்டரு? வெளிய வரச் சொல்லுங்க!"

டாக்டரம்மா பச்சை அங்கியோடு வெளியே வந்தார்.

"சந்தோசமா? நல்ல எடம் போச்சு. பிள்ள நெஞ்சுல கோடு கெழிச்சு அனுப்பிட்டீக. இனி எவன் வருவான்? எங்க வீட்டுக்கு வந்து ஒக்காந்து எங்க வாய அடைச்சீகள்ல, இப்ப பதில் சொல்லுங்க!"

வார்டு முழுக்க எட்டிப் பார்த்தது. நான் குறுக்கே போனேன். டாக்டரம்மா என்னை விலக்கினார். அவர் முகத்தில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது.

"தூங்குறாளா?"

"என்னது?"

"ஒங்க மக. இப்பத் தூங்குறாளான்னு கேட்டேன்."

தோட்டக்காரர் வாயைத் திறந்தார். ஏதோ கத்தத்தான் திறந்தார்.

"தூங்குறா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நேத்து மத்தியானம் சோத்தத் தின்னுட்டு மல்லாக்கச் சாஞ்சவ, வெளக்கு வைக்கிற வரைக்கும் அசையல. வாயத் தொறந்துக்கிட்டு, கைய எங்கிட்டோ கால எங்கிட்டோ போட்டுக்கிட்டு... சின்னதுல தூங்குவா பாருங்க, அதே மாதிரி. அவ ஆத்தா எழுப்பப் போனா. நாந்தேன் வேணாம்னேன். எழுப்ப மனசு வரல டாக்டரம்மா."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த வராந்தாவில் செத்தவருக்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மகள் தூங்குகிறாள் என்று ஒருவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே இருந்து சர்ஜன் இரண்டு முறை கூப்பிட்டார். "இருங்க, வர்றேன்" என்று சொன்னாரே தவிர, அந்த மனிதர் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.